புரையும் துளையும்: நுண்புரைக் கரிமப் பொருள்களில் இணைப்பு முறையும் மின்னியல்பும்

அறிவியற் கட்டுரைகளின் தமிழைத் திருத்தித் தருமாறு தமிழாசிரியரை வேண்டுவது கல்லூரிகளில் இன்று பெருகிவரும் வழக்கம். புதுக்கோட்டையில் யாம் தமிழ் பயிற்றிவருங் காலத்து, வேதியியல் முதுகலை மாணவர் ஒருவர் வரைந்த கட்டுரைச் சுருக்கம் ஒன்று, கருத்தரங்க மலரில் இடம்பெறுதற்பொருட்டு எம் பார்வைக்கு வந்தது. அதன்கண் ஒரு தொடர் இவ்வாறிருந்தது: “அயோடின் துளைகளின் வழியே உட்புகுந்து துளைகளைத் தோற்றுவிக்கிறது, மின்னோட்டம் இத் துளைகளால் நிகழ்கிறது.” முன்னரே துளையுடைய பொருளில், அத் துளை வழியே நுழைந்த ஒன்று மீண்டும் துளையைத் தோற்றுவித்தல் யாங்ஙனம்? கூறியது கூறல் என்னும் குற்றம் இதன்கண் உளது என முடிவுகட்டி, “அயோடின் துளைகளின் வழியே உட்புகுகிறது, மின்னோட்டமும் அத் துளைகளின் வழியே நிகழ்கிறது” என மாற்றினோம். மலரும் அச்சேறியது.

சில திங்கள் கழித்து அம்மாணவர் பெரிதும் தயங்கியவாறு எம்மிடம் வந்தார். “ஐயா, தாங்கள் திருத்திய வரி இலக்கணப்படி சரி, வேதியியற்படி தலைகீழ்” என்றார். ஆய்வு மாணவர் தேர்வுக்கான நேர்காணலில் அவ்வரியையே சுட்டி வினவினராம். எழுதியது தாம் அன்று என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லையாம். எம் பிழையை யாமே ஈண்டு எடுத்துரைப்பது, அது எம்மோடு ஒழியும் பிழையன்று என்பதனால். தமிழ்வழி நூல்களில் ‘துளை’ என்னும் ஒரு சொல்லே இருவேறு பொருள்களுக்கு வழங்குகிறது. பொருளின் உள்ளே இயற்கையாக அமைந்த வெற்றிடம் ஒன்று. எலெக்ட்ரான் நீங்கிய இடத்தில் நேர்மின் தன்மையோடு எஞ்சும் வெறுமை மற்றொன்று. இரண்டும் வேறு வேறு நூல்களில் வருங்கால் தீங்கில்லை. நுண்புரைக் கரிமப் பொருள்களின் மின்னியல்பு பேசும் நூலிலோ இரண்டும் ஒரே வரியில் வந்து மோதுகின்றன. ஆகலின், இப்பொருள்களைப் பற்றி யாம் கற்றறிந்தவற்றை முதற்கண் உரைத்து, அதன்பின் சொல்லுக்கு வருவோம்.

இத்துறையின் அடிப்படை நம் மாவட்டத்திலேயே கண்முன் நிற்கிறது. சித்தன்னவாசற் குடைவரையின் விதானத்தில் தாமரைப் பொய்கை தீட்டிய ஓவியர் வெண்மைக்குச் சுண்ணத்தையும், செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவி மண்ணையும், கருமைக்குக் கரியையும் கொண்டனர். 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் இவ்வண்ணங்களை ஆராய்ந்துள்ளார். ஓராயிரம் ஆண்டுக்கு மேலாகியும் கரிக்கோடு கரிய கோடாகவே நிற்கிறது. கரி என்பது யாது? பெரும்பாலும் கார்பன். மகளிர் அணியும் வைரமும் கார்பனே. எழுதுகோலின் நடுவே உள்ள கிராபைட்டும் கார்பனே. ஒன்று ஒளியைத் தடையின்றி விடுகிறது. மற்றொன்று ஒளியை விழுங்கிக் கறுத்து நிற்கிறது. ஒன்று மின்சாரத்தை அறவே மறுக்கிறது. மற்றொன்று ஏற்றுக் கடத்துகிறது. அணு ஒன்றே, வேறுபாடு அணுக்கள் தம்முள் பிணைந்துள்ள முறையிலேயே உளது.

கார்பன் அணுவின் புறக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் உள. வைரத்தில் அந்நான்கும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களோடு நேருக்கு நேர் கைகோத்து நிற்கின்றன. இவ்வாறு இரு அணுக்களுக்கு இடையே நேர்க்கோட்டில் அமைவதனைச் சிக்மாப் பிணைப்பு என்பர். கைகோத்த எலெக்ட்ரான் அவ்விடம் விட்டு அகலாது. அதனை விடுவித்து உலவச் செய்தற்கு ஏறத்தாழ 5.5 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். இதனையே ஆற்றல் இடைவெளி என்ப. கட்புலனாகும் ஒளியின் ஆற்றல் 3.2 எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது. ஆகவே ஒளி வைரத்தினூடே தீண்டப்படாது செல்கிறது. கிராபைட்டிலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு மட்டுமே கைகோத்து அறுகோண வலையாகப் படிகின்றது. எஞ்சிய நான்காம் எலெக்ட்ரான் வலைத்தளத்தின் மேலும் கீழும் பரவி, அண்டை அணுவின் நான்காம் எலெக்ட்ரானோடு பக்கவாட்டிற் கலக்கிறது. இது பைப் பிணைப்பு. பக்கவாட்டுக் கலப்பு தொடர்ந்து செல்லுமாயின், அவ்வெலெக்ட்ரான் இன்ன அணுவிற்குரியது என்று சொல்லுதற்கில்லாது, வலை முழுதுக்கும் பொதுவாகிறது.

கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே 0.335 நானோமீட்டர் தொலைவு உண்டு; அங்கே இத்தகைய பிணைப்பு இல்லை. எனவே அடுக்கின் வழியே மின்சாரம் எளிதிற் செல்லும். அடுக்குக்குக் குறுக்கே செல்வது அரிது. ஒரே படிகத்தின் இருதிசை மின்கடத்தலுக்கும் இடையே உள்ள இப்பெரு வேற்றுமையைக் கங்குலியோடு சேர்ந்து 1939இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டவர், வத்திராயிருப்பிற் பிறந்த க. சீ. கிருஷ்ணன் என்பதை நம் மாணவர் பலர் அறியார். இராமன் விளைவின் கண்டுபிடிப்பிற் பங்கு கொண்டவர் என்ற அளவிலேயே அவர் பெயர் பாடநூல்களில் நின்றுவிடுகிறது. கரிமப் படிகங்களின் காந்த இயல்பு திசைக்கேற்ப மாறுவதனை அளந்து, அதன் வாயிலாக அவற்றுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்று துணிந்த அவருடைய டாக்கா, கல்கத்தா ஆண்டுகளின் உழைப்பு, எம் கருத்தில், அதனினும் குறைந்ததன்று. அணுக்களின் அடைவே மின்னியல்பின் அடைவு என்னும் நோக்கு அவ்வாய்வுகளின் அடிநாதமாக உளது.

இனிக் கரிக்கு மீள்வோம். நம் பக்கத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுவர். காற்றுக் குறைந்த வெப்பத்தில் மரத்தின் நீரும் பிற வாயுக்களும் வெளியேற, எஞ்சிய கார்பன் அணுக்கள் வளையங்களாகச் சேர்கின்றன. 500 பாகை செல்சியசு அளவில் வெந்த கரி மின்சாரத்தை ஏறக்குறையத் தடுப்பதே. 900 பாகையை அணுகுங்கால் வளையங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து பைப் பிணைப்பு விரிவதால் அதன் மின்கடத்தல் பன்மடங்காகிறது. மரத்தின் நாளங்கள் இருந்த இடமும், வாயுக்கள் வெளியேறிய வழியும் கரியினுள் வெற்றிடமாக நின்றுவிடுகின்றன. கரிமத்தினின்று பிறந்த, நுண்ணிய வெற்றிடங்கள் செறிந்த, பிணைப்புக்கேற்ப மின்னியல்பு மாறுகின்ற பொருளுக்கு இதனினும் அணித்தான சான்று வேண்டுவதில்லை. குறை ஒன்றே: மூட்டத்தினுள் எந்த அணு எதனோடு பிணையும் என்பது யார் கையிலும் இல்லை. வெற்றிடம் ஒழுங்கற்றது; பிணைப்பும் ஒழுங்கற்றது.

அவ்வொழுங்கை மனிதர் தம் கருத்துப்படி அமைக்க முடியுமா என்னும் வினாவிற்கு 2005இல் விடை கிடைத்தது. ஒமர் யாகியும் அவர்தம் குழுவினரும் ‘சயன்சு’ இதழில் சகப்பிணைப்புக் கரிமச் சட்டகங்கள் இரண்டனை அறிவித்தனர். இதே யாகியே உலோகமும் கரிமமும் சேர்ந்த சட்டகங்களுக்காகச் சுசுமு கிட்டகாவா, ரிச்சர்டு ராப்சன் ஆகியோருடன் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். உலோகம் கலவாத கரிமச் சட்டகமே ஈண்டு நமக்குப் பொருள். இதன் உறுப்புகள் இரண்டு. பென்சீன் வளையம் போன்ற தட்டையான மூலக்கூறுத் துண்டு ஒன்று. அத்துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பு மற்றொன்று. துண்டுகள் குறித்த கோணத்திற் சேர்வதால் தேன்கூடு போன்ற வலை உருவாகி, வலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கி, நெடுங்குழல்கள் போன்ற வெற்றிடங்கள் அமைகின்றன. முதலில் அறிவிக்கப்பெற்ற இரண்டனுள் ஒன்றின் குழல் விட்டம் 2.7 நானோமீட்டர்; ஒரு கிராம் பொருளின் உட்பரப்பு 1590 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஏறத்தாழ 39 சென்ட் நிலம்!

துண்டும் இணைப்பும் என்று பிரித்துக் கூறியவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் புணரியல் எழாமற் போகாது. எமக்கும் எழுந்தது, எழுந்ததனாலேயே இத்துறை விளங்கிற்று என்றும் சொல்லலாம். நிலைமொழியும் வருமொழியும் சேருங்கால் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் எனத் திரிபு மூன்று என்பது தொல்காப்பிய நெறி. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகுங்கால் மகரம் கெடுகிறது. அமீன் என்னும் துண்டும் ஆல்டிஹைடு என்னும் துண்டும் சேருங்கால் ஒரு நீர் மூலக்கூறு கெட, கார்பனும் நைட்ரசனும் இரட்டைப் பிணைப்பால் இணைகின்றன. இதற்கு இமைன் இணைப்பு என்று பெயர். சேர்க்கை நிகழ்தற்கு இழப்பு வேண்டும் என்னும் இயைபு இரண்டிடத்தும் ஒன்றே. மேலும், மருந்துகடை என்பதற்கும் மருந்துக்கடை என்பதற்கும் துண்டுகள் வேறல்ல. இடையில் ஒரு ககர ஒற்று மிகுதலும் மிகாமையும் ஏவலைக் கடையாக்குகின்றன. அவ்வாறே, சட்டகத்தின் துண்டுகளை மாற்றாது இணைப்பை மட்டும் மாற்றினும் பொருளின் மின்னியல்பு வேறாகிறது.

எவ்வாறு வேறாகிறது என்பதனைச் சிறிது விரித்துக் காண்போம். 2005இன் சட்டகங்களில் துண்டுகளைச் சேர்த்தவை போரான்–ஆக்சிசன் இணைப்புகள். ஆக்சிசன் எலெக்ட்ரானைத் தன்பால் இறுகப் பற்றுவது. போரான் எலெக்ட்ரான் குறையுடையது. இவ்விரண்டும் நிற்கும் இடத்தில் பக்கவாட்டுக் கலப்பு மெலிகிறது. ஒவ்வொரு பென்சீன் துண்டினுள்ளும் எலெக்ட்ரான் பரவியிருக்கும். இணைப்பை அடைந்ததும் வழி அடைபடும். ஊர்கள் பலவற்றுள்ளும் நல்ல தெருக்கள் இருந்தும், ஊருக்கும் ஊருக்கும் இடையே பாலம் இல்லாத நாடு போன்றது அது. நீர் பட்டால் இவ்விணைப்பு பிரிந்துபோதல் பிறிதொரு குறை. 2009 முதல் வந்த இமைன் இணைப்பு இரட்டைப் பிணைப்பு ஆதலின் பைக் கலப்பு அதனூடே செல்லும். ஆயினும் நைட்ரசன் கார்பனினும் மிகுதியாக எலெக்ட்ரானை ஈர்ப்பதால் அவ்வழி சமதளமாக இல்லை. பாலம் உண்டு, ஒருபுறம் சரிந்த பாலம்.

இவ்விடத்தில் ஒரு முரண் தலைகாட்டுகிறது. இத்துறையின் உயிர்நிலை அதுவே என்பது எம் துணிபு. படிகம் ஒழுங்காக அமைய வேண்டுமாயின், தவறாகச் சேர்ந்த துண்டு பிரிந்து மீண்டும் சரியாகச் சேர இடம் வேண்டும். எனவே இணைப்பு மீள்தன்மை உடையதாக இருத்தல் வேண்டும். எளிதிற் பிரியும் இணைப்போ உறுதியற்றது. பெரும்பாலும் எலெக்ட்ரானுக்கும் நல்ல வழியன்று. உறுதியான இணைப்பை முதலிலேயே இட்டால், பிழைபடச் சேர்ந்தவை பிழையாகவே நின்று, படிகம் அமையாது குப்பையாகிறது. ஒழுங்கு வேண்டின் தளர்வு வேண்டும். உறுதி வேண்டின் ஒழுங்கு கெடும்.

இம்முரணை நம் நாட்டார் ஒருவர் அவிழ்த்த முறை நயமானது. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இராகுல் பானர்சியின் குழுவினர் 2012இல் இரண்டு படிகளைக் கொண்ட வழியைக் காட்டினர். முதற்படியில் மீள்தன்மையுடைய இமைன் இணைப்பு. இதன்கண் படிகம் தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு ஒழுங்குறுகிறது. இரண்டாம் படியில், வளையத்தின் பக்கத்தே நிற்கும் ஆக்சிசனிலிருந்து ஐதரசன் நைட்ரசனுக்குப் பெயர்ந்து, இணைப்பு கீட்டோ–ஈனமீன் என்னும் பிறிதொரு வடிவம் கொள்கிறது. அதன்பின் அது மீளாது. இவ்வகையில் அமைந்த சட்டகங்களுள் ஒன்று கடுங்காரக் கரைசலில் 7 நாள் கிடந்தும் சிதையவில்லை.

புணரியலில் இதற்கு நிகர் தேடினால் மரூஉ கிடைக்கிறது. புதுமையும் கோட்டையும் சேர்ந்து புதுக்கோட்டையாயின். இதனைப் பிரித்துக் காட்ட முடியும். நாளடைவில் அது புதுகை என மருவிற்று. புதுகையைப் பிரித்துக் கோட்டையை எடுக்க எவராலும் இயலாது. முதலிற் பிரிக்கத்தக்க சேர்க்கை, பின்னர்ப் பிரிக்கலாகா உருவம் என்னும் முறையே இரண்டிடத்தும் உளது. இவ்வொப்புமையை இதற்குமேல் இழுத்தல் தகாது. நிலைமொழியின் எழுத்து ஒன்று தொடரின் மறுகோடி வரை ஓடிச் சென்று உலவுவதில்லை. பைப் பிணைப்பின் எலெக்ட்ரானோ ஓடுவது. புணரியல் சேர்க்கையை விளக்கும், ஓட்டத்தை விளக்காது. அறிவியலனைத்தும் நம் பழநூலில் உண்டெனக் காட்டும் ஆர்வம் எமக்கில்லை என்பதனையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

எலெக்ட்ரானுக்கு உண்மையிலேயே சமதளப் பாலம் அமைந்தது 2017இல். தோங்லின் சியாங் குழுவினர், பைரீன் என்னும் நான்கு வளையத் துண்டுகளை முடிச்சுகளாக வைத்து, அவற்றைக் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புகளாலேயே சேர்த்த சட்டகத்தை அறிவித்தனர். இணைப்பின் இருபுறமும் கார்பனே ஆதலின் எலெக்ட்ரானை ஒருபக்கம் இழுப்பார் இல்லை. பைக் கலப்பு வலையின் இருதிசையும் தொடர்ந்தது. அதன் ஆற்றல் இடைவெளி 1.9 எலெக்ட்ரான்வோல்ட், அதாவது அது ஒரு குறைகடத்தி. எனினும் இந்நிலையில் அது பெரிதும் மின்கடத்தாப் பொருளாகவே இருந்தது. வழி இருந்தும் உலவுவோர் இல்லை. எலெக்ட்ரான்கள் யாவும் தத்தம் இடத்தில் நிறைந்து அமர்ந்திருந்தன.

வகுப்பறையின் நீள்பலகையில் பத்துப் பேர் நெருக்கி அமர்ந்திருப்பின் ஒருவரும் நகர முடியாது. ஒருவர் எழுந்து வெளியே போனால், அடுத்தவர் அவ்விடத்துக்கு நகர்வர். அவர்தம் இடத்துக்கு அதற்கடுத்தவர். நகர்வோர் மாணவரே ஆயினும், காண்பார்க்கு வெற்றிடம் எதிர்த்திசையிற் செல்வதாகத் தோன்றும். எலெக்ட்ரான் நீங்கியதால் தோன்றி, நேர்மின் தன்மையுடன் இடம்பெயரும் இவ்வெறுமையே இயற்பியலார் ‘துளை’ என்பது. சட்டகத்தின் குழல்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழல் அணுக்களே இல்லாத இடம். இத்துளை அணுக்களால் ஆன சுவரினுள், ஓர் எலெக்ட்ரான் குறைந்த இடம்.

சியாங் குழுவினர் அச்சட்டகத்தினுள் அயோடினைச் செலுத்தினர். அயோடின் எலெக்ட்ரானைக் கவரும் இயல்பினது. 1977இல் பாலி அசிட்டிலீன் என்னும் பலபடிச் சேர்மத்தை மின்கடத்தியாக்கி, 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு வழிவகுத்ததும் இத்தகைய செய்கையே. இங்கே அயோடின் குழல்களின் வழியே எங்கும் பரவி, சுவரிலுள்ள பைரீன் முடிச்சுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்தது. முடிச்சுகளிற் துளைகள் தோன்றின. மின்கடத்தல் 12 படி உயர்ந்தது. அஃதாவது ஒன்று என்பது இலட்சங் கோடியாயிற்று. குழல் இல்லையேல் அயோடின் உள்ளே செல்லாது. இரட்டைப் பிணைப்பு இணைப்பு இல்லையேல் துளை பிறந்தும் பயனில்லை. வெற்றிடத்தின் தொழில் வேறு, சுவரின் தொழில் வேறு. எம் திருத்தம் சுவரின் தொழிலை வெற்றிடத்தின்மேல் ஏற்றிவிட்டது. அம்மாணவரின் ஒரு வரியில் 2017ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு முழுதும் அடங்கியிருந்ததனையும், யாம் அதனை ஒரு பேனாக் கோட்டால் அழித்ததனையும் அப்பொழுதே உணர்ந்தோம்.

சொல்லுக்கு வருவோம். மின்னியலில் ‘துளை’ பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதனைப் பெயர்த்தல் அரிது, வேண்டுவதும் அன்று. தனித்து நின்று மயக்கம் தரும் இடங்களில் ‘மின்துளை’ என அடைகொடுத்து எழுதினாற் போதும். மாற்ற வேண்டியது மற்றையதே. வெற்றிடத்தைக் குறிக்க ‘நுண்துளை’ என்று இப்பொழுது எழுதுகின்றனர். நுண் என்னும் அடை அளவைக் காட்டுமேயன்றி வகையைக் காட்டாது. மின்துளையும் நுண்ணியதே அன்றோ? இதற்குப் ‘புரை’ என்னும் சொல்லை யாம் முன்வைக்கின்றோம். உள்ளே அரித்துப் பொள்ளலான மரத்தை மரம் புரையோடிற்று என்றே நம் தச்சரும் உழவரும் சொல்வர். உட்பக்கம் வெற்றிடம் நீண்டு செல்லுதல் என்னும் பொருள் இவ்வழக்கில் தெளிவாக உளது. சட்டகத்தின் குழல்களும் அத்தகையனவே.

இச்சொல்லின்மீது எழக்கூடிய தடைகளை யாம் அறிவோம். தொல்காப்பிய உரியியலில் புரை உயர்வைக் குறிக்கும். உவமவியலில் புரைய என்பது உவமச் சொல். குறளில் அது குற்றம். மருத்துவத்திற் கண்ணில் வருவதும் புரை. உண்ணுங்கால் தொண்டையில் ஏறுவதும் புரை. இத்தனை பொருள் சுமந்த சொல்மீது இன்னும் ஒன்றையா ஏற்றுவது என்று எம் நண்பர் ஒருவர் எள்ளினார். பல பொருள் உடைமை சொல்லுக்குக் குற்றமன்று. ஒரே வரியில் இரு பொருள் நின்று மயங்குதலே குற்றம். உயர்வும் உவமையும் கண்ணோயும் குறைகடத்தி நூலில் வாரா. துளை வரும். ஆகவே துளையோடு மோதாத சொல்லே நமக்கு வேண்டுவது. புரையைப் பயன்படுத்தின் புரைமை, நுண்புரை, புரைவிட்டம், புரைச்சுவர் எனக் கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. புரைச்சுவர் என்னும் ஒரு சொல்லே எம் பிழையைத் தடுத்திருக்கும்.

இதனோடு ஒட்டி இன்னொன்று. அணுவுக்கும் அணுவுக்கும் இடையே உள்ளதனையும், துண்டுக்கும் துண்டுக்கும் இடையே உள்ளதனையும் ‘பிணைப்பு’ என்றே எழுதுகின்றனர். இமைன் என்பது ஒரு பிணைப்பு மட்டும் அன்று. கார்பன், நைட்ரசன், ஐதரசன் அடங்கிய ஒரு சிறு தொகுதி. இக்கட்டுரை நெடுக அணுக்களின் சேர்க்கையைப் பிணைப்பு என்றும், துண்டுகளின் சேர்க்கையை இணைப்பு என்றும் வேறுபடுத்தியே எழுதியுள்ளோம், கற்போர் நோக்கியிருப்பர். வேதியியலார் ஒப்புவரேல் இது நிலைக்கும். அன்றேல் அவர் தருவதனை ஏற்போம். சட்டகம் என்னும் சொல்லைப் பற்றி எமக்கே நிறைவில்லை. வலைக்கட்டு என்பதும் கருதத்தக்கது.

அம்மாணவரையும் உடன் வைத்துக்கொண்டு அத்தொடரை மீண்டும் எழுதினோம். சொற்களை யாம் தந்தோம். பொருளை அவர் சரிபார்த்தார். ‘வழியே’ என்னும் உருபு எங்கே வரலாம், எங்கே வரலாகாது என்பதில் மட்டும் அரை நாழிகை வழக்காடினோம், வென்றவர் அவரே. அடுத்த மலரின் பிழைதிருத்தப் பட்டியலில் அச்சிடுதற்கு அனுப்பிய வடிவம் இது: “அயோடின் நுண்புரைகளின் வழியே உட்புகுந்து, புரைச்சுவரிலுள்ள பைரீன் முடிச்சுகளிலிருந்து எலெக்ட்ரான்களைக் கவர்ந்து, அச்சுவரில் மின்துளைகளைத் தோற்றுவிக்கிறது, மின்னோட்டம் இம் மின்துளைகளால் நிகழ்கிறது.”